பட்சிராஜன் தோற்ற கதை

சென்ற பருவத்தில் ஒரு நாள் முதுகலை மாணவர்களுக்குக் குறுந்தொகை நடத்திக்கொண்டிருந்தோம். பிரிவில் வாடும் ஒருத்தி, தன் வீட்டுக் குருவிகளின் மாலை நேரத்தைச் சொல்லி, தலைவன் சென்ற நாட்டில் இவையெல்லாம் இல்லையோ என்று கேட்கும் பாடல். ‘குரீஇ’ என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதி, அளபெடையை விளக்கி முடித்தபின், “உங்களில் எத்தனை பேர் வீட்டில் இப்போது குருவி கூடு கட்டுகிறது?” என்று கேட்டோம். நான்கைந்து கைகள் உயர்ந்தன. மற்ற வீடுகளில் ஏன் இல்லை என்று கேட்டபோது, பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் சற்றும் தயங்காமல் சொன்னார்: “செல்போன் டவர்தான் காரணம் ஐயா. ‘டூ பாயிண்ட் ஓ’ல காட்டியிருக்காங்களே.” வகுப்பு முழுவதும் தலையசைத்தது. மறுத்துப் பேச அங்கே ஒருவரும் இல்லை.

2018 நவம்பர் 29 அன்று ‘2.0’ வெளியானபோது இந்த மாணவர்கள் பள்ளிச் சிறுவர்கள். இவர்கள் பறவைகளைப் பற்றி அறிந்திருப்பதில் பெரும்பகுதி ஒரு ரஜினிகாந்த் படத்திலிருந்து வந்தது என்பது அன்றுதான் நமக்குத் தெரிந்தது. நகைத்துவிட்டு நகர்ந்திருக்கலாம். முடியவில்லை. ஏனெனில், அந்தப் படத்தை முதன்முறை பார்த்துவிட்டு வந்த இரவில் நமக்கும் தூக்கம் பிடிக்கவில்லை. படம் பிடித்திருந்தது, பிடிக்கவும் இல்லை. விமர்சகர்கள் இத்தகைய இடத்தில் ‘கலவையான உணர்வு’ என்று எழுதிவிட்டு மதிப்பெண் போட்டுவிடுவார்கள். நாமோ அந்தக் கலவையைப் பிரித்துப் பார்க்க வேண்டிய கட்டாயத்தில் மூன்றாம் முறையாக, இம்முறை குறிப்பேட்டுடன், வீட்டில் அமர்ந்து பார்த்தோம். மூக்கில் வழுக்கிக்கொண்டே இருக்கும் முப்பரிமாணக் கண்ணாடி இல்லாதது ஒரு வசதி.

முதலில் ‘எந்திரன்’ பற்றிச் சொல்லியாக வேண்டும். 2010இல் வந்த அந்தப் படத்தின் வசனத்தில் சுஜாதாவுக்குப் பங்கு உண்டு. 2008 பிப்ரவரியில் அவர் மறைந்துவிட்டார். திரையில் அதைப் பார்க்க அவர் இல்லை. எனினும் அவருடைய குறும்பு படம் நெடுகிலும் இருந்தது. ஒரு சொல்லை அதன் நேர்ப்பொருளில் மட்டுமே எடுத்துக்கொள்ளும் எந்திரத்தின் தடுமாற்றங்கள், மனிதர்கள் எவ்வளவு பூடகமாகப் பேசுகிறார்கள் என்பதை மனிதர்களுக்கே காட்டின. தீப்பற்றிய கட்டடத்தில், குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை அப்படியே தூக்கி வந்து அத்தனை பேர் நடுவில் நிறுத்துகிறது சிட்டி. உயிரைக் காப்பாற்றிவிட்டதாக அது நினைக்கிறது. அவளோ அவமானம் தாளாமல் ஓடி, வாகனத்தில் அடிபட்டு இறக்கிறாள். உயிரைவிட மானம் பெரிது என்று நூற்றாண்டுகளாகக் கவி பாடிய ஒரு சமூகத்தைப் பற்றி, அதன் அழகையும் அபத்தத்தையும் சேர்த்து, அந்த ஒரு காட்சி சொல்லிவிட்டது. அறிபுனை என்பது எந்திரத்தைப் பற்றியது அன்று, எந்திரத்தின் கண்ணால் நம்மைப் பார்ப்பது என்பதைச் சுஜாதா அறிந்திருந்தார்.

அந்தப் படத்தின் முடிவும் அப்படிப்பட்டதே. நீதிமன்ற ஆணைப்படி சிட்டி தன்னைத் தானே கழற்றிக்கொள்கிறது. பின்னர் 2030ஆம் ஆண்டின் அருங்காட்சியகத்தில் ஒரு பள்ளிச் சிறுமி, அதை ஏன் பிரித்துப்போட்டார்கள் என்று கேட்கும்போது, தான் சிந்திக்கத் தொடங்கியதுதான் காரணம் என்று அது பதில் சொல்கிறது. ஒரு வெகுஜனப் படம் தன் நாயகனை உதிரிபாகங்களாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு முடிவது சாதாரணத் துணிச்சல் அல்ல.

இரண்டாம் பாகம் எடுப்பவர் முதலில் செய்ய வேண்டிய வேலை அந்தக் கண்ணாடிப் பெட்டியை உடைப்பது. தொடர்ச்சி என்ற வடிவத்தின் சாபம் இது. முடிந்த கதையை முடியாததாக்கினால்தான் அடுத்த கதைக்கு இடம் கிடைக்கும். சுஜாதாவும் ‘என் இனிய இயந்திரா’வுக்குப் பிறகு ‘மீண்டும் ஜீனோ’ எழுதியவர்தான். அதில் முதற்கதையின் புதுமை இல்லை என்று முணுமுணுத்த வாசகர்களில் நாமும் ஒருவர். ஆனால் ஜீனோ என்ற அந்த எந்திர நாய்க்குப் புத்தகம் படிக்கும் பழக்கம் இருந்தது. படிக்கப் படிக்க அது மாறிக்கொண்டே வந்தது. ‘2.0’ இல் சிட்டி மாறவில்லை. அதன் ஆற்றல் மட்டுமே மாறுகிறது. ஒரு சிவப்புச் சில்லைச் செருகினால் முரடனாகிறது, எடுத்தால் சாதுவாகிறது. ‘என் இனிய இயந்திரா’வின் நாயகி பெயர் நிலா. அவள் மனுஷி. எல்லாவற்றையும் இழந்து, ஓர் எந்திரத்தின் துணையோடு மெல்ல அரசியலைக் கற்றுக்கொள்பவள். ‘2.0’ இலும் ஒரு நிலா இருக்கிறாள். அவள் எந்திரம், வசீகரனின் உதவியாளர். இது வணக்கமா தற்செயலா என்பது இயக்குநருக்கே வெளிச்சம். ஆனால் பெண்ணை எந்திரமாக்கிவிட்டு, மனிதப் பெண்ணான சனாவைத் தொலைபேசியில் கேட்கும் குரலாக மட்டும் மிச்சம் வைத்தது நமக்கு உவப்பாக இல்லை.

இவ்வளவு குறை சொன்னாலும், படத்தின் தொடக்கத்தில் நம்மை நாற்காலி நுனிக்குக் கொண்டுவந்த காட்சிகளை மறைக்க மாட்டோம். செல்பேசிக் கோபுரம் ஒன்றில் முதியவர் ஒருவர் தூக்கிட்டுக்கொள்கிறார். சுற்றிலும் பறவைகள். அதன்பின் நகரத்தில் ஒவ்வொருவர் கையிலிருந்தும் செல்பேசி பிய்த்துக்கொண்டு வானில் பறக்கிறது. பறக்கும் பொருளாகச் செல்பேசியைக் கற்பனை செய்தது அபாரம். பின்னர் சாலை முழுவதும் அவை ஊர்ந்து வருகின்றன. ஒளிரும் திரைகள் செதில்களாக, இறகுகளாக அடுக்கப்பட்டு ஒரு ராட்சதப் பறவை எழுகிறது. பறவையைக் கொன்ற பொருளாலேயே பறவை செய்யப்படுகிறது. கணினி வரைகலையில் கோடிகளைக் கொட்டும் படங்கள் பல வந்துவிட்டன. ஒரு படிமத்தை யோசித்து அதற்காகச் செலவழித்த இந்தியப் படங்கள் மிகக் குறைவு, இது அவற்றுள் ஒன்று. கவிதை வாசிப்பவர்கள் இந்த ஒரு படிமத்துக்காகவே படத்தை மன்னிக்கலாம்.

பிறகு பட்சிராஜனின் கடந்த காலம். அக்‌ஷய் குமாரின் வெண்தாடியும் மெலிந்த உடலும் கண்ணாடியும் சலீம் அலியை நினைவூட்டுகின்றன. சலீம் அலி (1896–1987) சிறுவனாக இருந்தபோது தான் சுட்டு வீழ்த்திய ஒரு குருவியின் கழுத்தில் மஞ்சள் திட்டைக் கண்டு, அது என்ன இனம் என்று கேட்க பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனார். அந்தக் கேள்வியிலேயே வாழ்நாள் முழுவதும் தங்கிவிட்டார். தன் வரலாற்று நூலுக்கு ஒரு குருவியின் வீழ்ச்சி என்று பொருள்படப் பெயரிட்டார். அத்தகைய மனிதர் ஒருவர் அமைச்சரிடம், தொலைத்தொடர்பு நிறுவனத்தாரிடம், நீதிமன்றத்திடம், கடைசியில் தெருவில் போவோரிடம் கெஞ்சுகிறார். எங்கும் வாசல் அடைக்கப்படுகிறது. பறவைகள் ஒவ்வொன்றாக விழுகின்றன. பின்னணியில் ‘புள்ளினங்காள்’ பாடல். நா. முத்துக்குமார் எழுதியது. 2016 ஆகஸ்டில் அவர் போய்விட்டார். பாடல் படத்தில் ஒலித்தபோது அவர் இறந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ‘புள்’ என்ற சொல்லை நம் மாணவர்கள் உரையாசிரியரின் துணையின்றிப் புரிந்துகொள்வதற்கு அந்தப் பாடலே காரணம். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிடுவோம்.

இருபது நிமிடம்போல நீளும் அந்தப் பகுதிதான் ‘2.0’ இன் உயிர். அதைத் தனியே எடுத்துவைத்தால் ஒரு நல்ல சிறுகதை. ஆனால் அது முடிந்தவுடன் நாம் யார் பக்கம் நிற்க வேண்டும் என்று படம் எதிர்பார்க்கிறது? அவரை அழிக்க வருபவர்களின் பக்கம்.

இங்கேதான் இயக்குநர் ஷங்கரின் முந்தைய படங்கள் நினைவுக்கு வருகின்றன. ‘இந்தியன்’ (1996) படத்தின் சேனாபதி லஞ்சம் வாங்கியவர்களைக் கொல்கிறார். பெற்ற மகனையும் கொல்கிறார். அவர் நாயகர். ‘அந்நியன்’ (2005) கருட புராணத்தின் தண்டனைகளை ஒவ்வொன்றாக நிறைவேற்றுகிறான். அவனும் நாயகன். இரண்டு படங்களிலும் கொலைக்குக் கைதட்டினோம். பட்சிராஜன் செய்வதும் அதையேதான். செல்பேசி மொத்த வியாபாரி ஒருவர், தொலைத்தொடர்பு முதலாளி ஒருவர், அமைச்சர் ஒருவர் என்று வரிசையாக, குற்றத்துக்கு ஏற்ற தண்டனையாக, குற்றப் பொருளையே ஆயுதமாக்கிக் கொல்கிறார். பட்சிராஜன் என்பது கருடனுக்கே உரிய பெயர் என்பதைத் தமிழ் மாணவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆக, கருட புராணத்தைக் கையில் வைத்திருந்தவன் நாயகனாகவும், கருடன் பெயரையே தாங்கியவர் வில்லனாகவும் ஆனது எப்படி?

காரணம் அறம் சார்ந்தது என்று நமக்குத் தோன்றவில்லை. சேனாபதியும் அந்நியனும் தண்டித்தது வேறு யாரையோ: வட்டாட்சியரை, மருத்துவரை, உணவு ஒப்பந்தக்காரரை. பட்சிராஜன் சுட்டுவது அரங்கில் அமர்ந்திருப்பவரை. செல்பேசி வைத்திருக்கும் எவரும் கொலைக்கு உடந்தை என்பது அவர் வாதம். சட்டைப்பையில் அதிரும் பொருளோடு அமர்ந்திருக்கும் பார்வையாளர் அந்தக் குற்றச்சாட்டை அரைமணி நேரம் பொறுத்துக்கொள்வார், அதற்கு மேல் மாட்டார். எனவே குற்றம் சாட்டியவர் பேயாக, பிசாசாக, எதிர்மறை ஆற்றலாக மாற்றப்படுகிறார். ஊழல் அதிகாரியைக் கொல்பவன் நீதிமான், நம்மைக் குற்றவாளி என்பவன் அரக்கன். இந்தக் கணக்கில் தொடர்ச்சிப் படத்தின் தேவையும் சேர்ந்துகொண்டது. சிட்டி திரும்பி வர வேண்டும். வந்தால் அடிப்பதற்கு ஆள் வேண்டும். பெட்டியைத் திறந்தவர்களுக்குப் பறவை மனிதர் கையில் கிடைத்தார்.

உச்சக்காட்சி ஒரு விளையாட்டரங்கில் நடக்கிறது. ஆயிரக்கணக்கான பார்வையாளர்கள் பட்சிராஜனின் பிடியில். வசீகரனின் உடலுக்குள்ளேயே அவர் புகுந்திருக்கிறார். சிட்டியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அப்போது உள்ளங்கையளவு எந்திரர்கள், 3.0 என்ற குட்டிகள், புறாக்களின் மேல் அமர்ந்து பறந்து வருகிறார்கள். திரையரங்கில் குழந்தைகள் ஆரவாரித்தார்கள். நம்முடன் வந்த சிறுவன் நாற்காலி மேல் ஏறி நின்றுவிட்டான். குட்டிகள் செய்வது என்ன? பட்சிராஜன் பணியாவிட்டால் புறாக்களைக் கொன்றுவிடுவதாக மிரட்டுகிறார்கள். அவர் தளர்கிறார். வசீகரனின் உடலைவிட்டு நீங்குகிறார். அந்தத் தளர்ச்சியில் தோற்கிறார்.

சற்று நிதானித்துப் பாருங்கள். பறவைகளுக்காகச் செத்த ஒருவரை வெல்வதற்கு நாயகன் தரப்பு பறவைகளைப் பணயம் வைக்கிறது. வில்லனோ பறவைகள் சாகக் கூடாதென்று தோல்வியை ஏற்கிறான். இந்தப் போரில் யார் நல்லவர்? ஒரு நாவலாசிரியருக்கு இந்த முரண் கிடைத்திருந்தால் இரவெல்லாம் உறங்காமல் எழுதியிருப்பார். படம் இதை ஒரு சாமர்த்தியமாக மட்டுமே கண்டுகொண்டு, வெடிச்சத்தத்துக்குப் போய்விடுகிறது. இறுதியில் பட்சிராஜனின் கவலை நியாயமானதே என்று வசீகரன் ஒப்புக்கொள்கிறார். கொன்றபின் வாசிக்கும் இரங்கற்பா!

இனி மாணவர் சொன்ன பதிலுக்கு வருவோம். செல்பேசிக் கோபுரம்தான் குருவியைக் கொன்றதா? படம் வெளியாகும் முன்பே செல்பேசி நிறுவனங்களின் கூட்டமைப்பு தணிக்கை வாரியத்திடம் முறையிட்டது, படம் அறிவியலுக்குப் புறம்பான அச்சத்தைப் பரப்புகிறது என்று. வியாபாரிகள் சொன்னார்கள் என்பதற்காகவே அதை நம்ப மறுத்தோம். பிறகு தேடிப் படித்தபோது, அவர்கள் சுயநலத்துக்காகச் சொன்னதில் உண்மையும் கலந்திருப்பது தெரிந்து சங்கடமாகிவிட்டது. இங்கிலாந்தில் சிட்டுக்குருவிகள் குறையத் தொடங்கியது 1970களில். அங்கே அப்போது செல்பேசியே இல்லை. ஆயிரக்கணக்கான பறவை ஆர்வலர்களின் பதிவுகளைத் தொகுத்து 2020இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் சிட்டுக்குருவி ஏறத்தாழ நிலையாக இருக்கிறது என்றும், பெருநகரங்களில்தான் குறைந்துவருகிறது என்றும் சொன்னது. காரணங்கள் எளியவை, திரைக்கு உதவாதவை. தானியம் கொத்தும் பறவைதான் என்றாலும், குஞ்சுக்குப் புழு பூச்சிதான் ஊட்ட வேண்டும். பூச்சிகளை நாம் மருந்தடித்து ஒழித்துவிட்டோம். ஓட்டு வீட்டின் இறவாரமும் சுவரின் பொந்தும் போய்க் காங்கிரீட்டும் கண்ணாடியும் வந்துவிட்டன. முறத்தில் அரிசி புடைக்கும் முற்றம் போய்விட்டது.

மின்காந்த அலைகளால் பறவைக்கு ஒன்றுமே ஆகாது என்றும் நாம் சொல்ல வரவில்லை. 2014இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நகர்ப்புற மின்காந்த இரைச்சலில் ராபின் பறவைகளின் திசைகாட்டும் புலன் செயலிழப்பதைக் காட்டினார்கள். பறவைகளைச் சுற்றி மின்தடுப்புக் கூண்டு அமைத்ததும் அவற்றின் திசையறிவு திரும்பியது. ஆனால் அங்கே குற்றவாளி செல்பேசி அலை அல்ல, அதைவிட மிகக் குறைந்த அதிர்வெண் கொண்ட வானொலி அலைவரிசை. உண்மை இப்படித்தான் இருக்கும். ஒரு பக்கமாக நிற்காது.

தவறான கொலையாளியைப் பிடித்துக் கொடுப்பதில் உள்ள ஆபத்து, உண்மைக் கொலையாளி தப்பிவிடுவதுதான். இந்தியாவில் நம் வாழ்நாளிலேயே ஒரு பறவைப் பேரழிவு நடந்திருக்கிறது. அது குருவிக்கு அல்ல, பாறுக் கழுகுக்கு. 1980களில் மிகச் சாதாரணமாகக் கண்ட வெண்முதுகுப் பாறுகள் 1992க்கும் 2007க்கும் இடையே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் அழிந்தன. காரணத்தை 2004இல்தான் கண்டுபிடித்தார்கள்: டைக்குளோஃபினாக். மாட்டுக்குப் போடும் வலிநிவாரணி. ஊசி போட்ட மாடு செத்துக் கிடந்தால், அதைத் தின்ற பாறின் சிறுநீரகம் செயலிழந்துவிடும். 2006இல் கால்நடைப் பயன்பாட்டுக்கு அந்த மருந்து தடைசெய்யப்பட்டது. இதில் வில்லன் யார்? நோவெடுத்துப் படுத்துவிட்ட தன் மாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் ஊசிக்கு அழைத்துப்போன விவசாயி. கருணையால் நிகழ்ந்த அழிவு. இதை ராட்சதப் பறவையாக்கி எந்திரத்தோடு மோதவிட முடியாதுதான். அதனால்தான் இது இலக்கியத்தின் பாடு.

பட்சிராஜன் என்ற பெயரைக் கேட்டதும் நமக்குச் செங்கற்பட்டை அடுத்த பட்சிதீர்த்தம் நினைவுக்கு வந்தது. திருக்கழுக்குன்றத்தின் இன்னொரு பெயர் அது. குன்றின் மேல் நண்பகலில் அர்ச்சகர் சர்க்கரைப் பொங்கலோடு காத்திருப்பார். இரண்டு வெண்ணிறப் பறவைகள் வந்து உண்டு போகும். காசிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே பறப்பவை, சாபம் பெற்ற முனிவர்கள் என்று ஐதிகம். பறவையியலார் அவற்றை மஞ்சள்முகப் பாறு என்பார்கள். சிறு வயதில் தந்தையின் தோள்மேல் இருந்து அவற்றைப் பார்த்த நினைவு நமக்கு இருக்கிறது; அவை பறந்துபோன திசையில் எல்லோரும் கைகூப்பினார்கள். பாறுகள் நாடெங்கும் மறைந்த அந்தத் தொண்ணூறுகளுக்குப் பின் இவையும் வருவதில்லை. ஊரின் பெயரில் கழுகு இருக்கிறது, குன்றில் இல்லை. நூறு கோடிகளில் பேசும் படத்தால் எழுப்ப முடியாத துயரம், அந்தக் குன்றின் வெறும் பாறையில் இருக்கிறது.

‘2.0’ இன் வசனத்தை எழுதியவர் ஜெயமோகன் என்பது இந்த விஷயத்தை இன்னும் சிக்கலாக்குகிறது. ‘யானை டாக்டர்’ கதையை எழுதியவர் அல்லவா அவர்! அந்தக் கதையில் யானைக்கு எமனாவது கோபுரம் அல்ல, கதிர்வீச்சு அல்ல. காட்டுக்குள் குடித்துவிட்டு எறிந்த பீர் புட்டி. காலில் கண்ணாடி ஏறினால் அந்தப் பேருருவம் அணு அணுவாக அழுகிச் சாகும். அதைப் படித்த எத்தனையோ பேர் அதற்குப் பின் காட்டுப்பக்கம் புட்டியோடு போக அஞ்சியிருக்கிறார்கள். நமக்குத் தெரிந்தே சிலர் உண்டு. அங்கே டாக்டர் கே யாரையும் கொல்லவில்லை, புழுவைக்கூட அருவருக்கவில்லை. அரசு விருது கைநழுவும்போதும் சலனமில்லை. வாசகர் தாமே வெட்கப்படுகிறார். பட்சிராஜனும் டாக்டர் கேயும் ஒரே விதையின் இரு மரங்கள் என்றே நினைக்கிறோம். ஒன்று எழுத்தாளரின் நிலத்தில் வளர்ந்தது. மற்றது தொடர்ச்சிப் படத்தின் தொட்டியில் வளர்ந்தது, அதனால் முறுக்கிக்கொண்டது. எழுத்தாளரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த இருபது நிமிடங்களில் தெரிவது அவர் கைதான் என்பது நம் ஊகம்.

இன்னொன்றும் உறுத்துகிறது. பறவையை நேசிப்பவர் என்றால் தனியர், பித்தர், ஊரால் ஒதுக்கப்பட்டவர் என்ற சித்திரம். தமிழ்நாட்டில் அது அப்படி இல்லையே! வேடந்தாங்கல் மக்கள் தங்கள் ஏரிப் பறவைகளைச் சிப்பாய்கள் சுடுவதை எதிர்த்து, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே செங்கற்பட்டு ஆட்சியர் லயனல் பிளேசிடம் பாதுகாப்பு ஆணை பெற்றவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பது அவர்கள் அனுபவம். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் கூடு கட்டிய பறவைகள் மிரளும் என்பதால் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. ஒரு ஊர்க் குழந்தைகள் முழுவதும் பட்டாசைத் துறப்பது எளிய காரியமா? பட்சிராஜன் அங்கே போயிருந்தால் தூக்குக் கயிறு தேவைப்பட்டிராது. திண்ணையில் அமர்த்தி மோர் கொடுத்திருப்பார்கள்.

இத்தனையும் சொன்னபின், நம் வாதத்தையே மறுக்கும் ஒன்றைச் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் பறவைகளைப் பற்றித் தமிழில் எவ்வளவு அழகாக எழுதினார்! ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்று நூலாகத் தொகுத்தார் தியடோர் பாஸ்கரன். அவரே பறவைகளையும் தமிழ்த் திரைப்படத்தையும் ஒருசேர ஆராய்ந்தவர். அந்த நூல் நம் துறை நூலகத்தில் இருக்கிறது. அதை எடுத்துப் படித்த மாணவர்களைப் பேரேட்டில் தேடியபோது ஐந்து விரல் போதுமானதாக இருந்தது. ‘2.0’ பார்க்காத மாணவர் வகுப்பில் ஒருவரும் இல்லை. குருவி குறைவது குறித்துக் கேட்டவுடன் ஒரு பதில், தவறான பதிலாயினும், பின்வரிசையிலிருந்து வந்ததே, அது எந்த நூலால் வந்தது? சங்கப் பாடலில் அன்றில், குருகு, கணந்துள் என்று பெயர்களை அடுக்கி, ‘ஒருவகைப் பறவை’ என்று பொருள் எழுதிக்கொடுத்துத் தேர்வுக்கு அனுப்பியவர்கள் நாம். பறவைகளைச் சொற்களாக்கிப் பாடம் பண்ணிவைத்த குற்றம் நம்மிடமும் உண்டு. பட்சிராஜன் முறையிடப் போன வாசல்களில் தமிழ்த்துறையின் வாசலும் ஒன்றாக இருந்திருந்தால் நாம் கதவைத் திறந்திருப்போமா?

அடுத்த வாரம் அந்த மாணவரையும் இன்னும் சிலரையும் அழைத்துக்கொண்டு கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் கண்மாய்க்குப் போனோம். பாதி வற்றியிருந்தது. சீமைக்கருவேலம் மிச்சத்தைப் பிடித்திருந்தது. கரையில் நடந்தபோது சிவந்த மூக்குடன் நெட்டைக் கால் பறவை ஒன்று எழும்பி, நம்மைக் காட்டிக்கொடுப்பதுபோல் கத்திக்கொண்டே தலைக்கு மேல் வட்டமிட்டது. “ஆள்காட்டி” என்றார் ஒரு மாணவி. ஆடு மேய்க்கும் வீட்டிலிருந்து வருபவர். அதுதான் கணந்துள் என்பார்கள் என்று சொன்னோம். அவர் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இதைத்தானா ஐயா ரெண்டு வருஷமா ஒருவகைப் பறவைன்னு எழுதிக்கிட்டிருந்தோம்?” என்று கேட்டார். கரைக்கு அப்பால் ஒரு செல்பேசிக் கோபுரம் நின்றது. அதன் நடுத்தட்டில் ஏதோ ஒரு பறவை சுள்ளிகளால் பெரிதாகக் கூடு கட்டியிருந்தது. பின்வரிசை மாணவர் அதைத் தம் செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்.

வரும் பருவத்தில் குறுந்தொகையோடு அந்த இருபது நிமிடங்களை மட்டும் வகுப்பில் திரையிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம். புறாக்கள் வருவதற்கு முன் நிறுத்திவிட வேண்டும். மாணவர்கள் விடமாட்டார்கள்.